தண்டோராக்காரனின் கடைசி வரி

என் புருஷன் நெவிலுக்கு வாய் பெரிது. திட்டுவதற்காகச் சொல்லவில்லை, அதுதான் அவன் உத்தியோகம். இங்கிலாந்தில் எங்கள் ஹாக்ஸ்லி ஊரின் தண்டோராக்காரன் அவன். சிவப்புக் கோட்டு, தங்கச் சரிகை, மூன்று முனைத் தொப்பி, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, பித்தளை மணியை ஆட்டிவிட்டு, சந்தைத் திடலில் நின்று மூன்று தரம் கூவினான் என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேய்கிற ஆடுகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும். சந்தை எத்தனை மணிக்கு, பூசணிக்காய்ப் போட்டி எந்தக் கூடாரத்தில், யாருடைய நாயைக் காணோம், எதுவாக இருந்தாலும் சொல்லிவிட்டு, கடைசி வரியாக "கடவுள் நம் மன்னரைக் காக்க" என்று முடிப்பான், ராணி இருந்தவரை ராணியைக் காக்க என்று. எல்லாத் தண்டோராக்காரர்களுக்கும் அதுதான் வழக்கம். நாய் காணாமல் போனதற்கும் மன்னருக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்த மணி அவன் கைக்கு வருவதற்கு முன்னால் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். கம்பள ஆலையை இழுத்து மூடினார்கள். நெவில் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. இரண்டு குளிர்காலம் அப்படியே போனது. டீயைக் கையில் கொடுத்தால் குடிப்பான், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டான். சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை முடித்துத் திரும்பும்போது, கதவைத் திறப்பதற்கு முன்னால் வாசலில் கொஞ்சம் நின்று மனதைத் தயார்செய்துகொள்வேன். அப்போதுதான் நகரசபை புதுத் தண்டோராக்காரனைத் தேர்ந்தெடுக்கப் போட்டி வைத்தது. "போய்க் கத்திட்டு வா நெவில், இந்தச் சுவரைப் பாக்கறதுக்கு அது எவ்வளவோ தேவலை" என்று விரட்டினேன். கொட்டுகிற மழையில் ஆறு பேர் திடலில் நின்று கத்தினார்கள். கூடியிருந்த ஊர் கைதூக்கி நெவிலைத் தேர்ந்தெடுத்தது. அன்றைக்கு எழுந்த மனுஷன்தான், அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் சாப்பிட மட்டுமே உட்கார்ந்தான்.

அதனால், அந்தக் கோட்டுக்கு ஆபத்து என்றால் எனக்கு உயிருக்கே ஆபத்து மாதிரி. புரிகிறதல்லவா?

ஆபத்து வந்தது. பழைய ராணி இறந்து புது மன்னர் வந்தபோது, அந்த அறிவிப்பை ஊருக்கு வாசிக்கிற வேலை நெவிலுடையது. பெரிய கூட்டம். மேயரும் கவுன்சிலர்களும் வரிசையாக நிற்க, நெவில் ஒரு எழுத்துப் பிசகாமல் முழங்கினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கையும் ஆட்டுக்கறியையும் எடுத்து வைத்தால், மனுஷன் முள்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கிறான்.

"நாம எல்லாரும் ஒரே குரல்ல, ஒரே மனசா சம்மதிக்கறோம்னு வாசிச்சேன், மரியன்" என்றான். "எப்பச் சம்மதிச்சோம்? யாரு யாரைக் கேட்டாங்க?"

ஆறிப்போவதற்குள் சாப்பிடு என்றேன். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. நூலகத்திலிருந்து புத்தகம் புத்தகமாக வந்தது. பாத்திரம் கழுவும்போது குடியரசு, கேரட் நறுக்கும்போது குடியரசு. வரவேற்பறை அலமாரியில் நான் சேர்த்து வைத்திருக்கிற அரச குடும்பத்துக் கோப்பைகள் இருக்கின்றன, முடிசூட்டு விழா, கல்யாணம், குழந்தை பிறந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அதைத் தூசு தட்டுவது அவன் வேலை. இப்போதெல்லாம் கடன்காரனைப் பார்க்கிற மாதிரி முறைத்துக்கொண்டே தட்டினான். எனக்கு மன்னர் மேல் ஒரு குறையும் கிடையாது. அவர் பாட்டுக்கு அவர் இருக்கிறார், நான் பாட்டுக்கு நான் இருக்கிறேன். ஆனால் நெவிலிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சமையலறைக்குள் நீ என்ன வேண்டுமானாலும் ஆகிக்கொள், வாசற்படியைத் தாண்டி ஒரு வார்த்தை போகக் கூடாது. தண்டோராக்காரன் அரசியல் பேசக் கூடாது என்று நகரசபையில் விதி இருக்கிறது. மேயர் ஜோசலின் பிக்கர்ஸ் அம்மாவோ, தன் அறையிலேயே மூன்று இடத்தில் மன்னர் படம் மாட்டி வைத்திருப்பவர். நெவில் தலையாட்டினான். ஆட்டிய தலையை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பழைய தானிய மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் விவாதம் நடக்கும். போன வருஷம் பூங்காவில் நாய்களை அவிழ்த்துவிடலாமா என்று பேசி இரண்டு குடும்பங்கள் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த வருஷத் தலைப்பு, மன்னருக்குப் பதிலாக மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிற ஒருவர் நாட்டுக்குத் தலைவராக இருக்க வேண்டும் என்பது. எதிர்த்துப் பேச எங்கள் ஊர்ப் பல் டாக்டர் ஃபிலிப்பா க்ரூ. ஆதரித்துப் பேச லீட்ஸிலிருந்து ஒரு பேராசிரியர் ரயிலில் வருவதாக ஏற்பாடு. மேயர்தான் நடுவர். நெவிலுக்கு வாசலில் நின்று கூட்டத்தை உள்ளே அழைக்கிற வேலை மட்டும். முழுச் சீருடையில் மழையில் நின்று கத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நான் இடைவேளைக்காகச் செய்த எலுமிச்சை கேக்கை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன்.

பேராசிரியர் வரவில்லை. தண்டவாளத்தில் இலை விழுந்துவிட்டதாம், ரயில் ரத்து. இலையுதிர் காலத்தில் இலை உதிரும் என்பது எங்கள் ரயில்காரர்களுக்கு ஒவ்வொரு வருஷமும் புதுச் செய்தி. மேயர் எழுந்து வருத்தம் சொன்னார். கூட்டத்தில் யாராவது ஆதரித்துப் பேச முன்வந்தால் விவாதம் நடக்கும், இல்லையென்றால் நேராக டீக்குப் போகலாம் என்றார்.

மண்டபமே தன் தன் செருப்பைப் பார்த்தது. நாங்கள் அப்படித்தான், யாராவது ஒருவர் முன்வர வேண்டும் என்றால் எல்லாருக்கும் செருப்பில் அவசர வேலை வந்துவிடும். மேயர் டீப் பக்கம் திரும்பப் போனார். என் பக்கத்தில் சிவப்புக் கோட்டு அசைந்தது.

கோட்டின் பின்வாலைப் பிடித்து இழுத்தேன். "உக்காரு நெவில். தயவுபண்ணி உக்காரு." அவன் நடந்தான். சரிகை மட்டும் பிய்த்துக்கொண்டு என் கையோடு வந்தது.

ஏதோ அறிவிப்பு சொல்லப் போகிறான் என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். மணியை மேஜையில் வைத்து, தொப்பியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்து, நான் இந்தத் தலைப்பை ஆதரித்துப் பேச வந்திருக்கிறேன் என்று அவன் சொன்னதும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மேயரின் புருவம் மேலே போனது, கீழே இறங்கவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்தது அந்தச் சமையலறை நாற்காலி ஒன்றுதான்.

மன்னர் நல்லவரா கெட்டவரா என்று பேச வரவில்லை என்று ஆரம்பித்தான். மெதுவாகத்தான் பேசினான், ஆனால் அவன் மெதுவாகப் பேசினாலே கடைசி வரிசைக்குக் கேட்கும்.

"இந்த மணியை எங்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி ஆறு பேரை மழையில நிக்க வெச்சுக் கத்தச் சொன்னீங்க. அப்புறம் கையைத் தூக்கி ஒருத்தனைப் பொறுக்கி எடுத்தீங்க. எதுக்கு? பூசணிக்காய்ப் போட்டி எத்தனை மணிக்குன்னு சொல்றதுக்கு. அதுக்கே அவ்வளவு பாத்தோம். நாட்டுக்கே தலைவரா இருக்கற வேலைக்கு மட்டும், பொறந்தாப் போதும்ங்கறோம்."

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, இருமல் மாதிரி மாற்றிக்கொண்டார்கள்.

பிறகு அயர்லாந்தைப் பற்றிச் சொன்னான். என் தங்கை அங்கே கால்வே ஊரில் வாழ்க்கைப்பட்டவள், அங்கே போய் வந்ததில் அவன் கவனித்ததெல்லாம். அங்கேயும் ஆட்சி நடத்துவது பிரதமர்தான். குடியரசுத் தலைவர் சட்டத்தில் கையெழுத்துப் போடுகிறார், விருந்தாளிகளை வரவேற்கிறார், ஊரில் துக்கம் நடந்தால் வந்து நிற்கிறார். நம் மன்னர் செய்கிற அதே வேலை. வித்தியாசம் என்னவென்றால், அவரை மக்கள் ஓட்டுப்போட்டு வைத்திருக்கிறார்கள். தவணை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய்த் தன் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். அதற்காக அந்த நாடு கடலில் மூழ்கிவிடவில்லை என்றான்.

ஃபிலிப்பா எழுந்தார். என் பல்லைப் பிடுங்கும்போது எப்படி வலிக்காமல் பிடுங்குவாரோ அப்படித்தான் பேசினார். தேர்தல் வைத்தால் யார் வருவார்கள் தெரியுமா என்று கேட்டார். கட்சியில் யாருக்கும் வேண்டாத பழைய மந்திரி வருவார், இல்லையென்றால் டிவியில் ஆடிப் பாடுகிற யாராவது வருவார்கள். பாதி நாடு அவரை வெறுக்கும். நாட்டின் முதல் நாற்காலி மட்டும் தங்களுக்கு ஒருநாளும் கிடைக்காது என்று அரசியல்வாதிகளுக்குத் தெரிந்திருப்பதே பெரிய பாதுகாப்பு என்றார். நல்ல கைதட்டல். நானும் தட்டிவிட்டேன். என்ன செய்வது, நியாயமாகப் பட்டது. நெவில் அங்கிருந்து என்னைப் பார்த்தான்.

"டாக்டரம்மா சொல்றது நெசம்தான்" என்றான். "ஆடிப் பாடுறவரே வந்துடலாம். ஓட்டுப் போட்டுட்டு நாமளே தலையில அடிச்சுக்கலாம். ஆனா அடுத்த தடவை மாத்திக்கலாம். மோசமான ராஜா வந்தா நம்மால செய்ய முடிஞ்சது ஒண்ணுதான், காத்திருக்கறது. எதுக்குக் காத்திருக்கோம்னு சபையில சொல்ல வேண்டாம்."

இந்தத் தடவை யாரும் இருமவில்லை, நேராகவே சிரித்தார்கள். அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. மேயரின் கழுத்தில் கிடந்த பதவிச் சங்கிலியைக் காட்டினான். வருகிற மே மாதம் அது வேறு ஒருவர் கழுத்துக்குப் போகும், போன மே மாதமும் போனது, ஊர் இடிந்து விழவில்லை, மேயரம்மா நன்றாகத்தான் செய்கிறார் என்றான். நாம் தேர்ந்தெடுத்தவர் என்பதால்தான் நன்றாகச் செய்கிறார் என்று நம்மால் சொல்ல முடிகிறது, வாய் திறந்து சொல்கிற உரிமை நமக்கு இருக்கிறது என்றான். நாம் ஒன்றும் சின்னப் பிள்ளைகள் இல்லை, நம்மைக் கேட்கலாம் என்று முடித்தான். அருமையாக முடித்தான். என் கையிலிருந்த சரிகை ஈரமாகிவிட்டது, நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

தொப்பியை மாட்டினான். மணியைக் கையில் எடுத்தான். இடத்துக்குத் திரும்பி வர வேண்டியதுதான் பாக்கி. ஆனால் பன்னிரண்டு வருஷப் பழக்கம், சிவப்புக் கோட்டும் தொப்பியும் மணியும் சேர்ந்துவிட்டால் அந்த வாய் அவன் சொல்வதைக் கேட்காது. கை தானாக மணியை ஆட்டியது. நெஞ்சு தானாக விரிந்தது.

"கடவுள் நம் மன்னரைக் காக்க!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்புறம் வெடித்தது பாருங்கள் சிரிப்பு, அந்த மண்டபம் கட்டியதிலிருந்து அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டிருக்காது. ஃபிலிப்பா மேஜை மேல் கவிழ்ந்து சிரித்தார். மேயர் சங்கிலி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நெவிலின் முகத்துக்கும் கோட்டுக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியவில்லை. நான் தலையில் அடித்துக்கொண்டேன். இவ்வளவு பேசி என்ன, ஊருக்கே கேலிப்பொருள் ஆகிவிட்டான், இனி இவனை யார் எழுப்புவது என்று நினைத்தேன்.

அவன் நகரவில்லை. சிரிப்பு அடங்குகிறவரை அங்கேயே நின்றான். சந்தையில் நின்று பழகியவனாயிற்றே, கூட்டத்துக்காகக் காத்திருக்கத் தெரியும்.

"இதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லத் தெரியாம சொல்லிட்டிருந்தேன்" என்றான். "பன்னெண்டு வருஷமா இந்த வரியைக் கத்தறேன். நீ மனசார சொல்றியான்னு ஒருத்தரும் கேட்டதில்ல. நானே என்னைக் கேட்டுக்கல. வாய் சொல்லிடுது. நீங்களும் அப்படித்தான். வேணும்னு சொன்னதில்ல, வேணாம்னு சொன்னதில்ல, வாய் சொல்லிடுது. ஒரு தடவை கேட்டுட்டு, அப்புறம் எல்லாரும் வேணும்னே சொல்லுங்க. நான் சந்தோஷமா கத்தறேன்."

யாரும் சிரிக்கவில்லை. இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கோபம் இருந்தது, பிறகு திட்டிக்கொள்ளலாம்.

ஓட்டெடுத்தார்கள். நெவில் பக்கம் தோற்றது. ஆனால் மானம் போகிற தோல்வி இல்லை, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கை எழுந்தது. எங்கள் ஊரில் அப்படி நினைக்கிறவர்கள் அத்தனை பேர் இருப்பது அவர்களுக்கே தெரியாது, ஒருவரையொருவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். என் கை இவன் பக்கம் எழவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மேயர் சுத்தியலைத் தட்டினார். இப்போது சிரிப்பு இல்லாத முகம். டீக்கு முன்னால் இன்னொரு விஷயம் இருக்கிறது என்றார். தண்டோராக்காரர் அரசியல் பேசக் கூடாது என்பது விதி, இவர் சீருடையோடு, மணியோடு, ஊரே பார்க்கப் பேசியிருக்கிறார், நான் கண்ணை மூடிக்கொண்டால் நாளைக்கு என்னைக் கேட்பார்கள் என்றார். சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது தெரிந்தது.

"நீங்களே சொல்லுங்க நெவில், நான் என்ன செய்யட்டும்?"

மன்னிப்புக் கேள், மழையில் வந்த ஜுரம் என்று சொல், ஏதாவது சொல் என்று அவன் கையை நெரித்தேன். நெவில் எழுந்து நின்றான்.

"இவங்களைக் கேளுங்க மேயரம்மா" என்றான். "இவங்கதானே வெச்சாங்க. வேணாம்னா எடுத்துடட்டும்."

அவனை அங்கேயே கொன்றிருப்பேன். சற்றுமுன் அவனுக்கு எதிராகக் கைதூக்கிய அதே கூட்டத்திடம் தன் தலையைக் கொடுக்கிறான். மேயர் சரி என்றார்.

நெவில் இனி வேண்டாம் என்கிறவர்கள் கைதூக்கலாம் என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கோட்டு உரசுகிற சத்தம் பின்னால் எங்கோ கொஞ்சம் கேட்டது. ஒரு கையோ இரண்டு கையோ. யாருடையது என்று பார்க்கவில்லை, பார்த்திருந்தால் இன்றைக்கும் அந்த வீட்டு வழியாகப் போக மாட்டேன்.

நெவில் இருக்கட்டும் என்கிறவர்கள்?

மண்டபம் முழுக்கச் சரசரவென்று சத்தம் எழுந்தது. நாங்கள் குளிருக்குப் போட்டிருந்த அத்தனை கனமான கோட்டுகளும் ஒரேயடியாக அசைந்தால் எப்படி இருக்கும், அப்படி. கண்ணைத் திறந்தேன். கைகளாகவே இருந்தது. ஃபிலிப்பா இரண்டு கையையும் தூக்கியிருந்தார், ஒன்றுதான் செல்லும் என்று மேயர் சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன மேயரின் கையும் மேலேதான் இருந்தது. அப்பாடா என்று நான் விட்ட மூச்சில் மடியிலிருந்த கேக்கின் சர்க்கரைத் தூள் பறந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

கடைசி வரி மட்டும் வழக்கப்படி வர வேண்டும் என்று மேயர் கண்டித்துச் சொன்னார். சொல்கிறேன், அது வேலை, நான் என்ன நினைக்கிறேன் என்று இனிமேல் எல்லாருக்கும் தெரியுமே என்றான் நெவில். அந்த விதியை என்ன செய்வது என்று நகரசபை அடுத்த கூட்டத்தில் பேசும் என்றார் மேயர். எங்கள் நகரசபை பேசும் வேகத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்க்க இருக்க மாட்டோம். பிறகு எல்லாரும் டீ குடித்தோம். என் கேக்கில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது மழை விட்டிருந்தது. நெவில் மணி நாக்கைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் நடந்தான். பாலம் தாண்டியதும் சொன்னான்.

"கை தூக்கினாங்க மரியன்."

"பாத்தேன்."

"பழகிட்டோமேன்னுதான் என்னை வெச்சிருக்காங்களோன்னு நெனைச்சிட்டிருந்தேன். ஒவ்வொரு தடவை கோட்டைப் போடும்போதும்."

பன்னிரண்டு வருஷமாகவா என்று கேட்டேன். ஆமாம் என்றான். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, கடங்காரன். தோளில் ஒரு அடி வைத்தேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை ஆலை மூடியதற்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை.

வீட்டில் அவன் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டான். அந்த நாற்காலியில் அவனைப் பார்த்து எனக்குப் பயம் வராமல் இருந்தது அன்றைக்குத்தான். கோட்டை எடுத்துக்கொண்டு வரவேற்பறைக்கு வந்து பிய்ந்த சரிகையைத் தைத்தேன். எதிரே அலமாரியில் முடிசூட்டு விழாக் கோப்பை. அதில் மன்னர் முகம், எப்போதும் போலத்தான் இருந்தது. எனக்கு அவரைப் பார்க்க முதல்தடவையாகப் பாவமாக இருந்தது. எத்தனை பேர் கொடி ஆட்டியிருப்பார்கள், எத்தனை பேர் கைதட்டியிருப்பார்கள். ஆனால் வேண்டுமா என்று கேட்டு ஒருவரும் அவருக்காகக் கைதூக்கியதில்லை. பிரியத்தில் வைத்திருக்கிறார்களா, பழக்கத்தில் வைத்திருக்கிறார்களா என்று தெரியாமலே அந்த மனுஷன் தினமும் கோட்டை மாட்டுகிறார்.

சரிகையின் கடைசி முடிச்சைப் போட்டுப் பல்லால் நூலைக் கடித்தேன். சமையலறைக்குப் போய் நெவிலை உலுக்கினேன்.

"இன்னொரு தடவை ஓட்டெடுத்தா, என் கையையும் சேத்துக்கோ" என்றேன்.

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். "தலைப்பை ஆதரிச்சா?"

"ஆமா. அந்த மனுஷனுக்காகத்தான்" என்றேன்.